ஏழாத்துப்பிரிவுக்கு அப்பால் அம்மம்மா வீடு

நெடுந்தீவில் பிறந்தவர்களுக்கு மாதக் கணக்கைவிடக் காற்றுக் கணக்கு முந்தித் தெரியும். ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து வாடை இறங்கும். பங்குனி சித்திரையில் காற்று ஓய்ந்து கடல் படுத்துக் கிடக்கும். வைகாசி நடுவில் தென்மேற்கிலிருந்து சோழகம் எழும்பும். எழும்பினால் புரட்டாசி மட்டும் விடாது. வள்ளத்தை எப்போது கரையேற்றுவது, கலியாணத்துக்கு எந்த மாதத்தில் நாள் வைப்பது, நோயாளியை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோவதா இன்னும் ஒருநாள் பொறுப்பதா, எல்லாம் காற்றைக் கேட்டுத்தான். என் அம்மா அந்த மண்ணில் பிறந்தவர். கலியாணம் முடித்து உரும்பிராய்க்கு வந்து, கடல் கண்ணுக்கே தெரியாத செம்மண் தோட்டங்களுக்கு நடுவில் வாழத் தொடங்கிய பிறகும், விடிய எழும்பி முற்றத்துக்கு வந்தவுடன் பனைமரத்து வட்டைத்தான் பார்ப்பார். ஓலை எந்தப் பக்கம் சாய்கிறது என்று கண்டுவிட்டுத்தான் அடுப்பு மூட்டப் போவார்.

அப்பா உரும்பிராய்க்காரர். பள்ளிக்கூட வாத்தியார், ஆனால் பரம்பரைத் தோட்டக்காரர். அவர் பழகிய தண்ணீர் கிணற்றுத் தண்ணீர். துலா மிதித்து இறைத்தவர் என் அப்பப்பா. மெசின் வைத்து இறைத்தவர் பெரியப்பா. வெங்காயப் பாத்திக்கு வாய்க்கால் திருப்பிவிட்டுக் கால் கழுவிக்கொண்டு பள்ளிக்கூடம் போனவர் அப்பா. அவர்கள் வீட்டில் தண்ணீர் சொல்வழி கேட்கும். மண்வெட்டியால் ஒரு வெட்டு வெட்டினால் இந்தப் பக்கம் வரும்; ஒரு கொத்து மண் போட்டால் நின்றுவிடும். எங்கள் வீட்டில் அப்பாவின் பேச்சுத்தான் கடைசிப் பேச்சு. ஆனால் குறிகட்டுவான் துறையில் லோஞ்சுக்குள் கால் வைத்ததிலிருந்து நெடுந்தீவில் இறங்கும் மட்டும் அவர் வாய் திறக்கமாட்டார். அந்த ஒரு மணித்தியாலம் எங்கள் குடும்பம் முழுதாக அம்மாவின் கையில் இருந்தது. நெடுந்தீவை நினைத்தால் பலருக்குக் குதிரைகள் ஞாபகம் வரும், கல்வேலிகள் ஞாபகம் வரும். எனக்கு முதலில் வருவது அந்த ஒரு மணித்தியாலம். அந்தக் கடலையும் சேர்த்துத்தான் அது என் அம்மாவின் ஊர்.

வழி தெரியாதவர்களுக்கு வழியைச் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணப் பட்டணத்திலிருந்து பண்ணைப் பாலத்தால் கடலைத் தாண்டினால் அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை. அங்கிருந்து கடலை ஊடறுத்துப் போகும் இன்னொரு நீண்ட பாலம் புங்குடுதீவில் கொண்டுபோய் விடும். புங்குடுதீவின் மேற்கு முனை குறிகட்டுவான். அதோடு தெரு முடிந்தது. எதிரே, கிட்டத்தில், நயினாதீவு. நெடுந்தீவு அப்படிக் கிட்டத்தில் இல்லை. மற்றத் தீவுகளோடு கூட்டுச் சேராமல் தென்மேற்கே பாக்குக் கடலுக்குள் தள்ளிக் கிடக்கிறது. ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர் பரப்பு. எங்கும் மேடு என்று சொல்ல ஒன்றுமில்லாத தட்டைத் தரை. குறிகட்டுவானில் நின்று பார்த்தால் மங்கலாக ஒரு கோடு, அதன்மேல் பனைகள். சோழகக் காலத்தில் உப்புப் புகார் மூடினால் அதுவும் தெரியாது. அதற்கும் அப்பால் கச்சதீவு, பிறகு இராமேஸ்வரம்.

இடையில் கிடக்கும் கடலுக்கு ஏழாத்துப்பிரிவு என்று பெயர். ஏழு பக்கத்து ஓட்டமும் வந்து கூடிப் பிரியும் இடம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். தீவுகளுக்கு நடுவே வெள்ளம் ஏறுவதும் வற்றுவதுமாக ஓட்டம் நாள் முழுக்க மாறிக்கொண்டிருக்கும். ஆழம் அதிகமில்லை, பாக்குக் கடலின் பெரும்பகுதி 15 மீற்றருக்கு உட்பட்டதுதான். ஆழமில்லாத கடலில் என்ன பயம் என்று கேட்பவர்கள் அதில் ஏறிப் பார்க்காதவர்கள். ஆழக்கடலில் அலை நீண்டு வரும். மெதுவாகத் தூக்கி மெதுவாக இறக்கும். இங்கே அலை குட்டை, செங்குத்து. காற்று ஒரு பக்கம் தள்ள ஓட்டம் அதற்கு எதிராக வந்தால் அலை இன்னும் நிமிர்ந்துகொள்ளும். ஒன்றில் ஏறிய லோஞ் இறங்கி நிமிர்வதற்குள் அடுத்தது அணியத்தில் அறையும். வெங்காயப் பாத்தி வரம்புகள்போல அவ்வளவு நெருக்கமாகக் கிடந்தன, ஆனால் ஒவ்வொரு வரம்பும் ஆள் உயரம் என்று அப்பா ஒருமுறை கரையேறிய பிறகு சொன்னார். அதைவிடச் சரியாக அந்தக் கடலை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

எங்கள் பள்ளிக்கூட விடுமுறை ஓகஸ்டில் வரும். அம்மப்பாவின் திவசமும் அதே காலத்தில்தான். சோழகத்தின் உச்சம். காற்று அடங்கினபிறகு போனால் என்ன என்று அப்பப்பா வீட்டில் ஒவ்வொரு முறையும் யாராவது கேட்பார்கள்.

"செத்த மனிசன்ரை திதியை மாத்த ஏலுமே?" என்று அம்மா கேட்பார். அதற்குமேல் பேச்சு வளராது.

நான் சொல்லப்போகும் பயணம் எண்பதுகளின் தொடக்கத்தில், தம்பி இன்னும் நடக்கத் தொடங்காத காலத்தில் நடந்தது. முதல்நாளே கடகம் கட்டியாயிற்று. நெடுந்தீவில் மரக்கறி அருமை. ஆகவே கத்தரிக்காய், பூசணிக்காய், ஒரு வாழைக்குலை, பெரியப்பா தோட்டத்து வெங்காயப் பிடிகள். அம்மம்மாவுக்கு வெற்றிலையும் புகையிலையும். எங்கள் மூன்று பேருடைய உடுப்பும் ஒரு பையில், அதைச் சுற்றி ஒரு பொலித்தீன். பயணத்துக்கென்று அம்மா தனியாக ஒரு சின்ன உமல் வைத்திருந்தார். அதற்குள் தேசிக்காய், ஒரு துண்டு இஞ்சி, புழுக்கொடியல், பழைய துணிகள். விடியப்புறம் எங்களுக்கு ஆளுக்கு ஒரு துண்டு பாண் மட்டும் தந்தார். வெறும் வயிற்றோடு கடலில் ஏறக்கூடாது, நிறைந்த வயிற்றோடும் ஏறக்கூடாது என்பது அவர் சட்டம்.

பண்ணையில் பஸ் ஏறியதும் காற்று ஜன்னலால் அறைந்தது. புங்குடுதீவுப் பாலத்தில் வரும்போது அம்மா இடப்பக்கத்துக் கடலை ஒருதரம் பார்த்தார். அலைத்தலைகள் எட்டும் மட்டும் வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தன. அவர் ஒன்றும் சொல்லவில்லை. சேலைத் தலைப்பை இடுப்பில் இழுத்துச் செருகினார். அண்ணாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அம்மா தலைப்பை அப்படிச் செருகினால் வேலை இருக்கிறது என்று அர்த்தம்.

துறையில் சனம் நிறைந்திருந்தது. முதல்நாள் லோஞ் ஓடவில்லை. அரிசி மூட்டைகள், மண்ணெண்ணெய்ப் பரல், சைக்கிள்கள், கால் கட்டிய ஆடுகள், பட்டணத்து ஆசுபத்திரியிலிருந்து துண்டு வெட்டி வந்த ஒரு கிழவர், நயினாதீவுக்குப் போகும் யாத்திரைக்காரர். தண்டையல் மேடையின் நுனியில் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வானத்தையோ அலையையோ அவர் பார்க்கவில்லை. மேடைத் தூணைச் சுற்றித் தண்ணீர் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்த்தார்.

"என்ன அண்ணை, எடுப்பியளோ?" என்று அம்மா கேட்டார்.

"வெள்ளம் மாறமுன்னம் எடுத்தால் போய்ச் சேரலாம் தங்கச்சி. மாறினால் இண்டைக்கும் இல்லை. ஏறுறாக்கள் கெதியா ஏறுங்கோ."

அப்பா அம்மாவிடம் மெல்லச் சொன்னார். "நாளைக்குப் பாப்பமே?"

"நாளைக்குத்தான் திவசம்."

அப்பா கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிப் பைக்குள் வைத்தார், தம்பியைத் தோளில் போட்டார், முதல் ஆளாக இறங்கினார். அவரைப் பயந்த மனிதர் என்று யாரும் சொல்ல நான் விடமாட்டேன். கடலில் பிறந்தவர்கள் கடலில் ஏறுவது பெரிய காரியமில்லை. நீந்தத் தெரியாத ஒருவர், அலையின் கணக்குத் தெரியாத ஒருவர், மனைவியின் தகப்பனுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்க ஒவ்வொரு ஓகஸ்டிலும் அந்தத் துறைக்கு வந்து நின்றார். ஒருமுறையாவது, நீ பிள்ளைகளோடு போய்வா, நான் வீட்டைப் பார்க்கிறேன் என்று அவர் சொன்னதில்லை.

லோஞ்சில் எங்கே குந்துவது என்பதை அம்மா தீர்மானித்தார். அணியப் பக்கம் வேண்டாம். அங்கேதான் தூக்கித் தூக்கி அடிக்கும். நடுவில் இஞ்சின், சூடும் டீசல் மணமும் வயிற்றைப் பிரட்டும். இஞ்சினுக்குச் சற்றுப் பின்னால், காற்றுப் படும் இடம், பிடிக்க ஒரு தூண். அங்கே எங்களை நெருக்கி இருத்தினார். காற்றுப் பக்கம் முழுக்கப் படங்கு இழுத்துக் கட்டியிருந்தார்கள். அண்ணாவின் ஒரு கையை என் கையோடு பிடிக்க வைத்தார். தேசிக்காயை நகத்தால் கீறி ஆளுக்கொரு துண்டு தந்தார்.

"கீழை பாக்கப்படாது. அங்கை, நயினாதீவுக் கோபுரம் தெரியுதெல்லே, அதைப் பாத்துக்கொண்டிருங்கோ. அலை வரேக்கை எழும்பப்படாது. என்ன நடந்தாலும் நான் சொல்லாமல் எழும்பப்படாது."

புறப்பட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. வலப்பக்கம் நயினாதீவு நகர்ந்து வந்தது. நாகபூசணி அம்மன் கோயில் நேரே வந்ததும் லோஞ்சுக்குள் கைகள் தலைக்குமேல் எழும்பின. கத்தோலிக்கர்கள் நெற்றியில் சிலுவை போட்டார்கள். நெடுந்தீவில் இரண்டு சமயத்துச் சனமும் பக்கத்துப் பக்கத்து வளவில் இருக்கும். கடலில் இரண்டு பகுதிக் கடவுளரும் சேர்ந்து வருவார்கள். கோபுரம் பின்னால் போனதும் தண்டையல் இஞ்சினைக் கொஞ்சம் தணித்தார். அப்போது எனக்கு அது ஏன் என்று தெரியாது. வேகமாகப் போனால் அலையில் ஏறி வெற்றிடத்தில் விழும், பலகை தாங்காது என்று மாமா பிறகு சொல்லித் தந்தார்.

முதல் அலை அணியத்தில் அறைந்த சத்தத்தில் தம்பி வீரிட்டான். லோஞ் நிமிர்ந்தது, வானம் மட்டும் தெரிந்தது. பிறகு முன்பக்கம் கீழே போனது. தண்ணீர் மட்டும் தெரிந்தது. அது நிமிருமுன் அடுத்த அலை வந்துவிட்டது. அணியத்தில் உடைந்த தண்ணீர் மேலால் வந்து எங்கள் தலையில் விழுந்தது. படங்கின் ஒரு முடிச்சு அவிழ்ந்து, துணி காற்றில் படபடவென்று அடித்தது. இரண்டு பொடியன்கள் கைகளால் பிடித்துப் பிடித்து முன்னால் போய், அதில் ஒருவன் படங்கின்மேல் முழு உடம்போடும் படுத்துவிட, மற்றவன் கயிற்றைப் போட்டு இறுக்கினான். அடியில் தண்ணீர் சேர்ந்து ஆடுகளின் கால்கள் நனைந்தன. ஆட்கள் வாளியால் அள்ளி ஊற்றத் தொடங்கினார்கள். யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவில்லை. முன்னால் இருந்தவர் அள்ளினார், அடுத்தவர் வாங்கினார், ஓரத்தில் இருந்தவர் ஊற்றினார். துண்டு வெட்டி வந்த கிழவர்கூட இருந்த இடத்திலிருந்தே வாளியைக் கை மாற்றினார்.

அப்பா ஒரு கையால் தூணைப் பிடித்திருந்தார், மற்றக் கையால் தம்பியை. தூணைப் பிடித்த கையின் நரம்பெல்லாம் புடைத்திருந்தது. உடம்பு முழுக்க விறைத்திருந்தபடியால் லோஞ் ஆடும்போதெல்லாம் அவர் ஆடாமல் நின்று, பிறகு ஒரேயடியாக இழுபட்டார். அம்மா தம்பியை அவர் கையிலிருந்து வாங்கித் தன் மடியில் குறுக்காகக் கிடத்தித் தலைப்பால் உடம்போடு கட்டிக்கொண்டார்.

"இஞ்சருங்கோ, இறுக்கிப் பிடியாதையுங்கோ. லோஞ் சாயிற பக்கம் நீங்களும் சாயுங்கோ. அது தன்ரை பாட்டிலை திரும்பி வரும்."

அப்பா அம்மாவைப் பார்த்தார். பாடம் கேட்கும் பிள்ளையின் கவனம் அந்தப் பார்வையில் இருந்தது. மெல்லத் தோளைத் தளர்த்தினார். அடுத்த சாய்வில் சாய்ந்தார். அதற்கடுத்ததில் அம்மாவின் தோளில் அவர் தோள் பட்டது, பட்டபடியே இருந்தது. எங்கள் வீட்டில் பகல் வெளிச்சத்தில் அப்பாவும் அம்மாவும் அப்படித் தொட்டுக்கொண்டு இருந்ததை நான் கண்டது அங்கேதான்.

பக்கத்தில் ஒரு இளம்பெண், முதல்முறையாக மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிறவள், சத்தி எடுத்துச் சத்தி எடுத்துத் துவண்டுபோனாள். அம்மா ஒரு கையால் தம்பியை அணைத்தபடி மற்றக் கையால் அவள் நெற்றியைத் தாங்கிப் பிடித்தார். முடிந்ததும் பழைய துணியால் வாயைத் துடைத்து, புழுக்கொடியலைச் சின்னதாகக் கடித்து மெல்லச் சொன்னார். "விழுங்காதை பிள்ளை, சப்பிக்கொண்டிரு. வாயுக்குள்ளை உமிநீர் ஊறினால் சத்தி நிக்கும்." அந்தோனியாரே, அம்மாளாச்சி என்ற குரல்கள் ஒவ்வொரு அறைக்கும் எழும்பின. எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல் கோபுரத்தைத் தேடினேன். அது புகாரில் மறைந்துவிட்டது. அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் அலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றையும் வருமுன்பே கண்டு, அதற்கேற்ப உடம்பைத் தயாராக்கி, எங்கள் தோள்களை ஒரு அழுத்து அழுத்தினார். அந்த அழுத்து வந்தால் அலை வரப்போகிறது என்று எங்களுக்குத் தெரியும். பயம் போகவில்லை. ஆனால் அலை எங்களுக்குத் தெரியாமல் வரவில்லை.

தண்டையலைப் பற்றியும் சொல்லவேண்டும். அவர் தீவைப் பார்த்து நேரே ஓடவில்லை. அலையை நெற்றியில் வாங்காமல், பக்கத்திலும் வாங்காமல், சற்றுச் சரித்துச் சரித்து வாங்கினார். பெரிய அலை மூன்று சேர்ந்து வந்தால் இஞ்சினை இன்னும் தணித்துக் காத்திருந்தார். அதற்குப் பிறகு வந்த இடைவெளியில் ஓடினார். சுக்கானைப் பிடித்த அவர் கைகள் இரண்டும் அசைந்துகொண்டே இருந்தன, முகம் அசையவில்லை. அந்தக் காலத்தில் அவர்களுக்குப் படிப்பித்த பள்ளிக்கூடம் எதுவுமில்லை. தகப்பனுக்குப் பக்கத்தில் நின்று கற்றது. அப்படிக் கற்ற சிலரின் கையில்தான் ஒரு தீவின் கர்ப்பிணிகள், நோயாளர், பள்ளிக்கூடப் பிள்ளைகள், பிரேதங்கள்கூட, வருசம் முழுக்க அந்தப் பிரிவைக் கடந்தார்கள்.

பிறகு அலை தணிந்தது. மெதுவாக அல்ல, ஒரு வரம்பைத் தாண்டி உள்ளே வந்ததுபோல. மாவிலித்துறை தீவின் வடக்குக் கரைப் பக்கம். தென்மேற்குக் காற்றைத் தீவே தடுத்துவிடுவதால் அதன் மறைவுக்குள் வந்தால் கடல் சொல்லாமல் கொள்ளாமல் அடங்கிவிடும். அடங்கியதும் முதலில் வந்தது மணம்: கரையில் ஒதுங்கி அழுகும் சாதாளை, காய்ந்த புல், மாட்டுச் சாணம். போர்த்துக்கேயர் இந்தத் தீவை மாட்டுத் தீவு என்றார்கள். தமிழில் பசுத்தீவு என்றும் பெயர் இருந்தது. கடலிலேயே அது பெயர் சொல்லிவிடும். லோஞ்சுக்குள் ஆட்கள் சத்தம் போட்டுக் கதைக்கத் தொடங்கினார்கள். வாளி ஊற்றிய கைகளில் சுருட்டு எரிந்தது. அப்பாவுக்குக் குரல் திரும்பியது. "எல்லாச் சாமானும் இருக்கோ எண்டு பாருங்கோ" என்றார். அம்மா தலைப்பை அவிழ்த்து உதறித் தலையைத் துடைத்தார்.

மாமா வண்டிலோடு நின்றார். இரண்டு பக்கமும் கல்வேலி. கடலிலிருந்து எடுத்த பவளக் கற்களைச் சுண்ணாம்பு எதுவுமில்லாமல் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியது; நெஞ்சு உயரம். வளவுக்கு வளவு, ஒழுங்கைக்கு ஒழுங்கை, தீவு முழுக்க இப்படித்தான். உரும்பிராயில் கிளுவங்கதியால் வேலி, இங்கே கடலையே பெயர்த்து வந்து வேலி. படலையடியில் நின்ற அம்மம்மா அப்பாவைக் கண்டதும் கேட்டார்.

"காத்து எப்பிடித் தம்பி?"

"கொஞ்சம் பெலந்தான் மாமி."

அடுப்பில் சோறு வெந்து வடித்திருந்தது. நாங்கள் வருவோம் என்று அவருக்கு யாரும் சொல்லியனுப்பவில்லை. அந்த நாளில் சொல்லியனுப்ப வழியுமில்லை. முதல்நாள் லோஞ் ஓடவில்லை என்பது தெரியும். இன்றைக்கு வெள்ளம் எத்தனை மணிக்கு மாறும் என்பதும் தெரியும். அதற்கு முன்னம் எடுத்தால் இன்ன நேரத்துக்கு வந்து சேரும் என்று கணக்குப் பார்த்து உலை வைத்திருக்கிறார். தண்டையல் மேடைத் தூணடியில் பார்த்த அதே தண்ணீரை, கடலுக்கு அந்தப் பக்கம் அடுப்படியில் இருந்தபடி அம்மம்மா பார்த்திருக்கிறார். அம்மாவுக்கு அலை எங்கேயிருந்து தெரிந்தது என்று எனக்கு விளங்கியது அன்றைக்குத்தான்.

திவசம் வரப்போவதால் மீன் இல்லை. முருங்கையிலை வறை, பருப்பு, நெடுந்தீவுத் தயிர். திவசம் முடிந்த அடுத்த நாள் ஒடியல் கூழ். நண்டு, கணவாய், திருக்கை, பலாக்கொட்டை எல்லாம் போட்டுக் கொதிக்கக் கொதிக்கப் பிளாவில் ஊற்றித் தருவார்கள். அப்பா ஒரு பிளாவுக்குமேல் குடிப்பார். பின்னேரத்தில் மாமாவோடு சைக்கிளில் மேற்கே போவோம். சாறாப்பிட்டிக் கிணற்றில் நல்ல தண்ணீர் உண்டு. தோட்டக்காரப் பிள்ளையான அப்பா அந்தத் தண்ணீரை ஏந்திக் குடித்து, வாய்க்குள் வைத்திருந்து, விழுங்கி, "உப்பே இல்லை" என்று ஒவ்வொரு வருசமும் அதிசயப்படுவார். வெளியில் மட்டக்குதிரைகள் கூட்டமாக நிற்கும். ஒல்லாந்தர் காலத்தில் வளர்த்த குதிரைகளின் வழிவந்தவை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீவுக்குப் பொறுப்பாயிருந்த நோலன் என்ற பிரித்தானிய அதிகாரி அந்த வளர்ப்பைப் பெருக்கினார். வளர்த்தவர்கள் போய்விட்டார்கள்; குதிரைகள் கட்டுவாரின்றிக் காட்டுக்குதிரைகளாயின. ஓகஸ்ட் கோடையில் அவற்றின் விலா எலும்பை எண்ணலாம். தண்ணீருக்கு அலையும். படம் பிடிக்க வருகிறவர்கள் மாரியில் வந்து பச்சைப் புல்லில் அவற்றைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். கோடையில் ஒரு குதிரை வற்றிய கேணிக்குள் இறங்கிச் சேற்றை முகர்ந்துகொண்டு நின்றதை நான் கண்டிருக்கிறேன். இன்றைக்கும் வறட்சி என்று செய்தி வந்தால் அந்தக் குதிரைதான் என் கண்ணில் நிற்கிறது.

திரும்பும் பயணம் எப்போதும் சுலபம். சோழகம் முதுகில் தள்ளும்; அலை லோஞ்சைத் தூக்கிக்கொண்டு ஓடும். அப்பாகூட இரண்டொரு வார்த்தை பேசுவார். நெய்ப் போத்தல்களும் பனாட்டும் கருவாடும் ஏறிய கடகத்தை அம்மா காலிடுக்கில் வைத்திருப்பார். வரும்போது அவர் அலைகளைப் பார்ப்பதில்லை. பின்னால் கரைந்துகொண்டு போகும் பனைகளைப் பார்ப்பார். புங்குடுதீவில் பஸ் ஏறியதும், அதுவரை தன்னிடமிருந்த காசை அப்பாவின் கையில் கொடுத்துவிடுவார். அதன்பிறகு பழையபடி அப்பாவின் பேச்சுத்தான் கடைசிப் பேச்சு.

அதுவரை அந்தக் கடலில் பயப்படுவதற்குக் காற்று ஒன்றுதான் இருந்தது. 1985 மே 15 காலை நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் புறப்பட்ட குமுதினி என்ற படகை நடுக்கடலில் மறித்தார்கள். பயணம் செய்தவர்களில் 30க்கும் மேற்பட்டவர்களை வெட்டியும் குத்தியும் கொன்றார்கள். பெண்கள், முதியவர்கள், கைக்குழந்தை. செய்தவர்கள் கடற்படையினர் என்று உயிர் தப்பியவர்கள் சாட்சி சொன்னார்கள். சோழகம் எழும்பும் காலம் அது. செய்தி உரும்பிராய்க்கு வந்த அன்றிரவு அம்மா படுக்கவில்லை. ஊரிலிருந்து வந்தவர் ஒவ்வொரு பெயராகச் சொல்லச் சொல்ல, இன்னாருடைய மகள், இன்னாருடைய பேரன் என்று அம்மா உறவு சொல்லி அழுதார். குமுதினியில் எந்தப் பக்கத்தில் யார் குந்துவார்கள் என்பது அவருக்குத் தெரியும். அணியத்தில் பெடியள், நடுவில் கிழவர்கள், பின்னால் பிள்ளைத்தாய்மார். அந்த அறிவு முழுக்க அன்றைக்கு அவருக்கு வதையாகிவிட்டது. மாவிலித்துறையில் இப்போது நினைவுத்தூபி இருக்கிறது. ஒவ்வொரு வருசமும் அந்த நாளில் ஊர் அங்கே கூடுகிறது.

பிறகு யுத்தம் எங்களையும் ஊர் ஊராகக் கொண்டுபோயிற்று. அம்மம்மா தீவிலேயே இறந்தார். அம்மாவால் போக முடியவில்லை. அப்பா கொழும்பில் காலமானார். கடைசி நாட்களில் அவர் அடிக்கடி சொன்ன கதை ஏழாத்துப்பிரிவுக் கதைதான். அலை வருசத்துக்கு வருசம் உயர்ந்தது. அம்மா ஒருநாளும் திருத்தவில்லை.

2017இல் நெடுந்தாரகை என்ற பயணிகள் படகு ஓடத் தொடங்கியது. பழைய மரத்தோணிகளோடு ஒப்பிட்டால் பெரிய வசதி. ஆனாலும் சோழகத்தில் சேவை தடைப்படுகிறது என்றும், இரவில் ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்கு நோ வந்தால் கடற்கரையில் தவிக்க வேண்டியிருக்கிறது என்றும் அங்கிருந்து பேசும் ஒவ்வொருவரும் சொல்கிறார்கள். கல்வேலியையும் குதிரையையும் பார்க்க வருகிறவர்கள் நல்ல காலத்தில் வருகிறார்கள். அங்கேயே வாழ்கிறவர்களுக்குக் காலம் தெரிவு செய்ய முடியாது. எந்தக் காற்றிலும் நோயாளியைக் கொண்டுவரக்கூடிய ஒரு படகு, இரவிலும் ஆயத்தமாக நிற்கும் ஒரு படகு, அந்த ஊருக்கு எப்போதோ வந்திருக்க வேண்டும்.

அம்மாவை நான் கூட்டிக்கொண்டு போனது ஒரு பங்குனியில். அவருடைய முழங்கால்களை நினைத்து, கடல் படுத்த காலமாகப் பார்த்துப் போனோம். குறிகட்டுவான் மேடையில் அவர் ஊன்றுதடியை என்னிடம் தந்துவிட்டு, கையை நீட்டிய பொடியனிடம் முதலில் கேட்டது, "நீ ஆற்றை மோன்?" என்று. அவன் தகப்பன் பெயரைச் சொன்னான். தெரியவில்லை. பாட்டன் பெயரைச் சொன்னான். அம்மாவின் முகம் விரிந்தது. அந்தத் தண்டையலின் பேரன்.

போகும் வழி முழுக்க ஒரு துளி தண்ணீர் உள்ளே வரவில்லை. பயணிகள் கைத்தொலைபேசி பார்த்துக்கொண்டும் நித்திரை கொண்டும் வந்தார்கள். நயினாதீவு கடந்து ஏழாத்துப்பிரிவில் ஓடிக்கொண்டிருக்கும்போது அம்மா இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தார். கடல் தட்டையாகக் கிடந்தது.

"இண்டைக்குக் கடல் நல்லம், என்ன அம்மம்மா?" என்றான் அந்தப் பொடியன், அவர் சந்தோசப்படுவார் என்று நினைத்து.

"நல்லந்தான் ராசா. ஆனால் இது எங்கடை கடல்மாதிரி இல்லை. சோழகத்திலை வரவேணும்."

மாவிலித்துறையில் இறங்கி, தூபியடியில் கும்பிட்டு, வண்டில் நின்ற இடத்தில் நிற்கும் ஓட்டோவில் ஏறுமுன், அடுத்த ஓகஸ்டுக்கு விமானச் சீட்டுப் போடச் சொல்லிவிட்டார். திவசத்துக்கு இரண்டு நாள் முந்தி வரவேண்டும், லோஞ் ஓடாவிட்டால் குறிகட்டுவானில் காத்திருக்க நேரம் வேண்டும் என்று கணக்கும் சொன்னார்.